அரசு முத்திரை உள்ள குழந்தை சீட் நம் காருக்கும் பொருந்துமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 20 மாதம், எடை 11 கிலோ. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், தன் பிள்ளைக்கு வாங்கிய கார் சீட்டை அடுத்த முறை வரும்போது விமானத்தில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறதாம். நாங்கள் கடையில் பார்த்த சீட்டுகளில் ஆரஞ்சு நிற முத்திரையும், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. இரண்டும் அரசாங்கச் சான்றுதானே, எதை நம்புவது? எங்கள் கார் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதனால் தனி சீட்டே வேண்டாம் என்கிறார் மாமனார்.

பதில்: முதலில் மாமனாரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பல வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஐந்து நட்சத்திரம் என்பது சட்டம் கேட்கும் தரம் அல்ல. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மதிப்பீடு. பெரியவர்களுக்கான மதிப்பெண்ணும் குழந்தைகளுக்கான மதிப்பெண்ணும் அதில் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. குழந்தை அளவில் செய்த சோதனைப் பொம்மைகளை முறையான குழந்தை சீட்டில் கட்டி வைத்துத்தான் அந்தக் காரை மோத விடுகிறார்கள். ஆக, அந்த நட்சத்திரங்களே குழந்தை சீட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கொடுக்கப்பட்டவை.

காரோடு வரும் பெல்ட் வளர்ந்த உடம்புக்காக வடிவமைக்கப்பட்டது. 11 கிலோ குழந்தைக்குப் போட்டால் கீழ்ப்பட்டை இடுப்பு எலும்பில் நிற்காமல் வயிற்றில் ஏறும், தோள் பக்கத்துப் பட்டை கழுத்தை அறுக்கும். மடியில் வைத்துக்கொள்வது அதைவிட ஆபத்து. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் எல்லாவற்றின் மீதும் அதனதன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விசை பாயும். உங்கள் மகன் அந்த நொடியில் 200 கிலோவுக்கு மேல் கனப்பான். எவ்வளவு பலசாலியின் கையும் அதைப் பிடித்து வைக்காது. சீட் கட்டாயம் வேண்டும்.

சரி, இரண்டு முத்திரைகளுக்கு வருவோம். அண்ணன் சொல்வது அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்ற தரம். 1971-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. சீட்டைச் சறுக்கு வண்டியில் பொருத்தி, மணிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேக மோதலுக்கு நிகரான அதிர்ச்சி கொடுப்பார்கள். பொம்மையின் மார்பில் விழும் அதிர்வு புவியீர்ப்பைப் போல 60 மடங்கைத் தாண்டக் கூடாது. தலை எவ்வளவு தூரம் முன்னே பாய்கிறது என்பதற்கும் எல்லை உண்டு: முன்னோக்கிய சீட்டில், அதன் உச்சியைக் காரோடு கட்டும் மேல்வாரை மாட்டாமல் சோதித்தால் 813 மில்லிமீட்டர், மாட்டிச் சோதித்தால் 720 மில்லிமீட்டர். இந்த மேல்வாரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அங்கே விற்பனைக்கு முன் அரசு ஒவ்வொரு மாடலையும் சோதித்து அனுமதி தருவதில்லை. தரத்தை நிறைவேற்றியதாக நிறுவனமே உறுதியளிக்கும். நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கடையிலிருந்து சீட்டுகளை வாங்கிச் சோதிக்கும், தவறினால் திரும்பப் பெற வைக்கும்.

ஆரஞ்சு முத்திரை ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதிகளைச் சேர்ந்தது. இதில் நடைமுறை தலைகீழ்: அதிகாரபூர்வ அமைப்பு ஒன்று முன்கூட்டியே சோதித்து ஒப்புதல் தந்த பிறகுதான் விற்பனை. ‘ஈ’ எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து. சீட் அந்த நாட்டில் தயாரானது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தியாவின் ஏஐஎஸ்-072 தரமும் பெரும்பாலும் ஐ.நா. விதியின் வழியில் அமைந்ததுதான்.

எது உசத்தி என்று கேட்டால், இரண்டில் எதை ஒழுங்காக நிறைவேற்றிய சீட்டும் குழந்தையைக் காப்பாற்றும் என்பதுதான் என் பதில். ஆனாலும் அண்ணனின் சீட் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். தரம் குறைந்தது என்பதால் இல்லை, உங்கள் காரை மனதில் வைத்து அது செய்யப்படவில்லை.

அமெரிக்கக் கார்களில் பின்சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால், திரும்பிச் சுருளும்போது ‘டக் டக்’ என்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும். அதன்பின் அது தளராது. குழந்தை சீட்டை இறுக்கிக் கட்ட வசதியாக அங்குள்ள விதியே இதைக் கேட்கிறது. மற்ற நாடுகளில் விற்கும் பல கார்களின் பெல்ட் வெடுக்கென்று இழுத்தால் மட்டும்தான் பூட்டும், மெல்ல இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட பெல்ட்டில் அமெரிக்க சீட்டைக் கட்டினால், அன்று இறுக்கமாகத் தெரியும். நாலு வளைவு திரும்பியதும் தளர்ந்து ஆடும். சில அமெரிக்க சீட்டுகளில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு உடம்பிலேயே இருக்கும், சிலவற்றோடு தனி உலோகக் கிளிப் வரும். இரண்டும் இல்லாவிட்டால் அந்த சீட்டை நம்பி நெடுந்தூரம் போக முடியாது. உங்கள் பின்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து விட்டுப் பாருங்கள், உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

பெல்ட்டுக்குப் பதிலாகக் காரின் இருக்கை மடிப்புக்குள் இருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளில் மாட்டலாமே என்று கேட்பீர்கள். கம்பிகளுக்கு இடையே 280 மில்லிமீட்டர் என்ற அளவு இரண்டு முறைகளுக்கும் பொது, அதனால் மாட்ட முடியும். ஆனால் குழந்தையும் சீட்டும் சேர்ந்து எத்தனை கிலோ வரை அந்தக் கம்பிகளை நம்பலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் மறுபடி பெல்ட்டுக்குத்தான் வரவேண்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டின் முத்திரையை இன்னொரு நாடு ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கனடா, மேப்பிள் இலை பொறித்த தன் சொந்த முத்திரையைக் கேட்கிறது. அமெரிக்க சீட்டுகளில் மார்புக்குக் குறுக்கே வரும் கிளிப்பைப் பார்த்திருப்பீர்கள். வார்கள் ஒரே அழுத்தலில் விடுபட வேண்டும் என்பது ஐ.நா. விதி, ஆகவே அதன்படி செய்த சீட்டுகளில் அந்தக் கிளிப் இருக்காது. உங்கள் நாட்டின் சட்டம் எந்த முத்திரையைச் சொல்கிறதோ, அதுதான் உங்களுக்கு முதல் வடிகட்டி.

இன்னொரு கவலை, அது பழைய சீட். சொந்த அண்ணன் என்பதால் விபத்தில் சிக்கியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அது நல்லதுதான். ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் கிடந்து சோர்ந்துபோகும். நிறுவனம் குறித்த காலாவதி ஆண்டு பெரும்பாலும் சீட்டின் அடிப்பக்கத்திலோ முதுகிலோ அச்சாகியிருக்கும். விமானத்தில் சரக்காகப் போட்டால் எங்கே எப்படி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. விரிசல் துணிக்கு அடியில் மறைந்திருந்தால் கண்ணில் படவும் படாது.

புதிது வாங்கும்போது கவனிக்க வேண்டியது இதுதான். ஐ.நா. விதிகளில் ஆர்44 பழையது, ஆர்129 புதியது. ஆர்44 குழந்தையின் எடையைப் பார்க்கும். 13 கிலோ வரை ஒரு பிரிவு, 9 முதல் 18 கிலோ வரை அடுத்த பிரிவு. இந்த 9 கிலோ என்ற எண் நிறையக் குழப்பம் செய்தது. ஒரு வயதுகூட ஆகாத, ஆனால் கொழுகொழுவென்று 9 கிலோ தொட்ட குழந்தைகளை அவசரமாக முன்பக்கம் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். 2013-இல் வந்த ஆர்129 உயரத்தைக் கணக்கில் எடுக்கிறது, 15 மாதம் தாண்டும்வரை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்கிறது, பக்கவாட்டு மோதலையும் சோதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரிலிருந்து ஆர்44 சீட்டுகளைப் புதிதாக விற்க முடியாது. உங்களுக்குக் கிடைத்தால் ஆர்129 வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அசல் முத்திரையுள்ள ஆர்44 சீட்டும் நல்லதே, அதன் ஒப்புதல் எண் 04 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். இணையத்தில் மெத்தைபோல் வெறும் துணியும் நாலு வாரும் வைத்து விற்கும் சாமான்களில் எந்த முத்திரையும் இருக்காது. அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் மகனுக்கு 20 மாதம் ஆகிவிட்டது, முன்பக்கம் திருப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். 15 மாதம் என்பது சட்டம் அனுமதிக்கும் கீழ் எல்லை, திருப்பியே ஆக வேண்டிய நாள் அல்ல. இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது, கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக இறுகவில்லை. முன்னே பார்த்திருக்கும்போது மோதினால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பாயும், சுமை முழுக்கக் கழுத்தில். பின்னோக்கி இருந்தால் அதே விசையை முதுகு, தோள், தலை மூன்றும் சேர்ந்து சீட்டின் முதுகில் பகிர்ந்துகொள்ளும். கால் மடங்கியிருக்கிறதே என்று பாட்டிமார் வருத்தப்படுவார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான், அவனுக்கு அது சிரமமே இல்லை. சீட்டில் எழுதியிருக்கும் உயர, எடை வரம்பு தொடும்வரை பின்னோக்கியே வையுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால், பின்னோக்கிய குழந்தை சீட்டை அங்கே எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். விரியும் பை சீட்டின் முதுகில்தான் அறையும், அதற்குப் பின்னால் குழந்தையின் தலை.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் சொல்லி உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள், மறுத்தால் வேறு கடை பாருங்கள். பெல்ட் செல்லும் இடத்துக்குப் பக்கத்தில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. மகனை உட்காரவைத்து வாரை இறுக்கியபின், தோள் பக்கத்து வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் தளர்வு. பருமனான கோட், கூடுதல் மெத்தை, தனியாக வாங்கிய வார் உறை எல்லாம் அந்த மடிப்பை மறைத்துவிடும். அந்த சீட் அவற்றோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதும் இல்லை. பின்னோக்கி இருக்கும்வரை வார் அவன் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கித் திருப்பும் நாளில் அது தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும்.

அந்த நாளில் மேல்வாரும் சேரும். சில சீட்டுகளில் அதற்குப் பதிலாகக் காரின் தரையில் ஊன்றும் கால் இருக்கும். மேல்வார் என்பது சீட்டின் உச்சியிலிருந்து தொங்கும் பட்டை, முனையில் கொக்கி. காரின் பின்சீட் முதுகிலோ அதற்குப் பின்னால் இருக்கும் தட்டிலோ இதற்கான வளையம் இருக்கும், நங்கூரச் சின்னம் அதைக் காட்டும். கீழே ஐசோஃபிக்ஸ் மாட்டியாயிற்று, போதும் என்று பலர் அதைச் சுருட்டிச் செருகிவிடுகிறார்கள். மேலே சொன்ன 813-க்கும் 720-க்கும் உள்ள இடைவெளியே இந்தப் பட்டையால் வருவது. முன்சீட்டின் முதுகில் தலை இடிக்குமா, இடிக்காதா என்பது பல விபத்துகளில் அந்தச் சில சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. கொக்கியை மாட்டி, பட்டையில் தொய்வு போகும்வரை இழுத்துவிடுங்கள்.