வேலை எங்கே காத்திருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயந்திர உதிரிபாகங்கள் செய்துதரும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கல்லூரியில் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது உற்பத்தி வேலைகளைத் திட்டமிட்டு நடத்தும் முறை, ஒரு பாடம். கொள்ளளவு, இருப்பு, தரம், அட்டவணை, இட அமைப்பு என்று தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் ஷாப் ஃப்ளோரில் நிற்கும்போது எந்த அத்தியாயத்தைத் திறப்பது என்றே தெரியவில்லை. எல்லா மெஷினும் ஓடுகிறது. எல்லாரும் மாங்கு மாங்கென்று வேலை செய்கிறார்கள். ஓவர்டைமும் போகிறது. ஆனாலும் பாதிக்கு மேல் ஆர்டர்கள் சொன்ன தேதிக்குப் போவதில்லை. 'ஒரு ஆளும் சும்மா இருக்கக் கூடாது, ஒரு மெஷினும் நிற்கக் கூடாது' என்பதுதான் எங்கள் மேலாளர் சொல்லும் ஒரே விதி. அதைத்தான் செய்கிறோம். அப்புறம் ஏன் தாமதம்? இந்தத் துறைக்கு அடிப்படை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே பாதி இருக்கிறது. 'எல்லா மெஷினும் ஓடுகிறது, எல்லாரும் வேலை செய்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷினைப் பார்த்திருக்கிறீர்கள், ஆளைப் பார்த்திருக்கிறீர்கள். ஆர்டர் எங்கே நிற்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வாடிக்கையாளர் வாங்குவது அதைத்தானே?

உங்களைப் போல ஒரு நிறுவனத்தில் நானும் திட்டமிடல் பிரிவில் இருந்தேன். சேர்ந்த புதிதில் அங்கிருந்த மூத்த ஃபோர்மேன் ஒருவர் என்னிடம் ஒரு ஜாப் கார்டை, அதாவது ஒரு வேலையோடு கூடவே போகும் விவர அட்டையை, கொடுத்து, 'இந்த ஒரு ஜாபை மட்டும் கடைசிவரைக்கும் பின்னாலேயே போய்ப் பாருங்க' என்றார். நாற்பது ஷாஃப்ட்டுகள் (சுழலும் தண்டுகள்), ஒரு நீலப் பெட்டியில். ஒவ்வொரு இடத்திலும் பெட்டி வந்த நேரம், கை வைத்த நேரம், முடிந்த நேரம் என்று கார்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். அறுப்பதற்கு 50 நிமிடம். லேத்தில் 3 மணி 20 நிமிடம். சாவிப்பள்ளம் வெட்ட 1 மணி 10 நிமிடம். கிரைண்டிங், அதாவது தேய்த்துத் துல்லியமான அளவுக்குக் கொண்டுவருவது, இரண்டரை மணி நேரம். கடைசி அளவு சோதனை 40 நிமிடம். கூட்டினால் எட்டரை மணி நேரம். ஆனால் பெட்டி உள்ளே வந்து வெளியே போக 13 வேலை நாட்கள் ஆயின. இரண்டு ஷிப்ட் ஓடிய இடம் அது, ஆகவே 208 மணி நேரம். அதில் யாரோ ஒருவர் அந்த ஷாஃப்ட்டுகள்மேல் கை வைத்தது நூற்றில் நான்கு பங்கு நேரம். மிச்சமெல்லாம் பெட்டி தரையில் கிடந்தது.

கிரைண்டிங் மெஷினுக்கு முன்னால் மட்டும் ஐந்தரை நாள். அங்கே பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, முதலில் வந்தது அடியில். எங்கள் நீலப் பெட்டியை எடுக்க ஆபரேட்டர் மேலே இருந்த ஏழு பெட்டிகளை இறக்கிவைத்து, அப்புறம் திரும்ப அடுக்கினார். அதற்கே இருபது நிமிடம். எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாத இருபது நிமிடம் அது. மெஷின் ஓடிய நேரத்தை எழுத எல்லாரிடமும் ஒரு படிவம் இருந்தது, பெட்டி காத்திருந்த நேரத்தை எழுத யாரிடமும் ஒன்றும் இல்லை.

எனக்கு இந்தத் துறை தொடங்கியது அந்தக் கார்டில்தான். ஆகவே என் பதிலும் அதுதான்: வேலை எங்கே, ஏன் காத்திருக்கிறது என்று பார்ப்பதே அடிப்படை. நீங்கள் படித்த அத்தியாயங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்து சேர்ந்துவிடும்.

முதலில் ஒரு எளிய கணக்கு. 1961-ல் ஜான் லிட்டில் என்பவர் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார். உள்ளே கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடிந்து வெளியே போகும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கும் என்பது கிடைக்கும். ஃப்ளோரில் 60 ஜாப் இருக்கிறது, நாளுக்கு 5 முடிகிறது என்றால் 12 நாள். நீண்ட கால சராசரிக்கு இது எங்கும் பொருந்தும். மருத்துவமனை வரிசையாக இருந்தாலும் சரி, மென்பொருள் குழுவின் பெண்டிங் பட்டியலாக இருந்தாலும் சரி.

இப்போது உங்கள் மேலாளரின் விதியை இதில் வைத்துப் பாருங்கள். ஒரு லேத் சும்மா நிற்கிறது. நிற்கக் கூடாது என்பது விதி, ஆகவே அடுத்த வாரத்து ஆர்டரை இன்றைக்கே உள்ளே இறக்குகிறோம். லேத் ஓடுகிறது, எல்லாருக்கும் திருப்தி. ஆனால் கிரைண்டிங்கில் நாளுக்கு ஐந்துதான் முடியும் என்றால், வெளியே போவது அப்போதும் ஐந்துதான். உள்ளே மட்டும் 60 என்பது 90 ஆகிறது. 12 நாள் 18 நாளாகிறது. யாரும் சோம்பியிருக்கவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் தேதி தவறிவிட்டது. தவறியதும் வாடிக்கையாளரிடமிருந்து போன் வருகிறது. அவருடைய ஜாபை அவசரமாக முன்னால் தள்ளுகிறோம். தள்ளப்பட்ட ஜாபுக்காக, ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பாதியில் இறக்கி, செட்டிங்கை, அதாவது அடுத்த வேலைக்காக மெஷினைத் தயார்செய்வதை, இரண்டு முறை மாற்றுகிறோம். அதனால் இன்னும் இரண்டு ஆர்டர் தாமதம். உங்கள் ஓவர்டைமில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன்.

பாட்டில்நெக் என்று சொல்கிறோமே, அதன் முழுப் பொருளையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தொடரில் மிகக் குறைவாகக் கொடுக்கக்கூடிய இடம் எதுவோ அதுதான் மொத்த இடத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும். அங்கே இழந்த ஒரு மணி நேரம் மொத்த நிறுவனமும் இழந்த ஒரு மணி நேரம். வேறு இடத்தில் மிச்சம்பிடித்த ஒரு மணி நேரம் இன்னொரு பெட்டியை அடுக்குவதற்குத்தான் உதவும். உங்கள் மேலாளரின் விதி அந்த ஒரு மெஷினுக்குச் சரி. சாப்பாட்டு இடைவேளையிலும் ஆள் மாற்றி அதை ஓட்டலாம். மற்ற மெஷின்களுக்கு அதே விதியைப் போட்டால் கேடுதான்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மெஷின் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுகிறவருக்கு நிற்கும் மெஷின் கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் நூறு சதவீதம் ஓட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை நாம் எதிர்பார்ப்பதைவிட மிகப் பெரியது. 1909-ல் டென்மார்க்கில் ஏ. கே. எர்லாங் தொலைபேசி அழைப்புகளை வைத்துத் தொடங்கிய கணக்கு இது. ஒரே மெஷின். வேலைகள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றும் எடுக்கும் நேரமும் ஏறி இறங்குகிறது. அந்த மெஷின் பாதி நேரம் ஓடினால், ஒரு வேலை தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வேலையைச் செய்யும் நேரத்துக்குச் சமம். 80 சதவீதம் ஓடினால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுத்தபோது காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. இந்த எண்களை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் பெருமையாக எழுதி ஒட்டியிருந்த 'மெஷின் பயன்பாடு' அட்டவணைதான் எங்கள் தாமதத்துக்குக் காரணம் என்று அது சொன்னது.

அதே 1961-ல் ஜான் கிங்மன் இந்தக் கணக்கை இன்னும் பொதுவாக்கினார். அவருடைய வாய்ப்பாட்டில் காத்திருப்பை மூன்று விஷயங்கள் பெருக்குகின்றன: மெஷின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வருவதும் செய்வதும் எவ்வளவு ஏறி இறங்குகிறது, ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது. பொதுவாக நம் கவனம் மூன்றாவதில்தான், வேகமாகச் செய்யச் சொல்லி ஆளை நெருக்குகிறோம். நடுவில் இருப்பதுதான் வளமான இடம். ஏற்ற இறக்கம் குறைந்தால், மெஷின் அதே அளவு நிரம்பியிருந்தாலும் காத்திருப்பு குறையும். புது மெஷின் வாங்க வேண்டாம், ஆளையும் விரட்ட வேண்டாம்.

ஏற்ற இறக்கத்தை நாமே எப்படி உண்டாக்குகிறோம் என்பதற்கு செட்டிங் நல்ல உதாரணம். செட்டிங் மாற்ற 2 மணி நேரம் ஆகிற ஒரு மெஷினில் ஒரு உருப்படிக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 2 மணி நேரம் வீணாகிறதே என்று 400 உருப்படியை ஒரே லாட்டாக, அதாவது ஒரே தொகுதியாக, போடுகிறோம். 22 மணி நேரம் அந்த மெஷின் வேறு யாருக்கும் கிடைக்காது. பின்னால் வருகிற 10 உருப்படிக்காரரும் 22 மணி நேரம் நிற்க வேண்டும்.

எவ்வளவு பெரிய லாட் போடலாம் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் 1913-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். நீங்கள் படித்த இருப்பு அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான். செட்டிங் செலவு ஒருபக்கம், வைத்திருக்கும் செலவு மறுபக்கம், இரண்டும் சமன்படும் அளவு. அழகான சூத்திரம். ஆனால் செட்டிங் செலவு அதில் மாறாத எண். அந்த எண் ஏன் மாறக் கூடாது என்று கேட்டவர் ஷிகியோ ஷிங்கோ. டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் 4 மணி நேரம் எடுத்த டை (உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும் வேலை, அவர் சேர்ந்து உழைத்த முயற்சியில் 3 நிமிடத்துக்கு வந்தது. அவர் பிடித்த நூல் எளிமையானது. மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்கிற வேலை எது, ஓடும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று பிரி. ஸ்பானரைத் தேடுவது, டையைக் கொண்டுவருவது, அளவு சரிபார்ப்பது எல்லாம் மெஷின் ஓடும்போதே முடிந்திருக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் செட்டிங் 20 நிமிடமாகட்டும். 400 உருப்படிக்கு இருந்த அதே விகிதம் இப்போது 67 உருப்படியிலேயே கிடைத்துவிடும். 22 மணி நேரத்துக்குப் பதிலாக மூன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு லாட் நகரும். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் கிரைண்டிங்கில் நாங்கள் செய்தது இதைவிடச் சின்னது. அடுத்த ஜாபுக்கான தேய்க்கும் வீலையும், உருப்படியைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்ச்சரையும் ஒரு தள்ளுவண்டியில் முன்கூட்டியே எடுத்துவைக்க ஒரு ஆளை விட்டோம். அவர் 'சும்மா' இருந்த லேத் ஆபரேட்டர்தான்.

தரம் தனி அத்தியாயமாக இருப்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. அளவு தவறிய ஒரு ஷாஃப்ட் கிரைண்டிங்குக்குத் திரும்பி வந்தால், நிறுவனத்திலேயே மிக அரிதான அந்த நேரத்தை அது இரண்டாம் முறை தின்கிறது. அதனால் கடைசியில் நிற்கும் சோதனையை கிரைண்டிங்குக்கு முன்னால் ஒரு முறை வையுங்கள், கெட்டது அங்கேயே நிற்கட்டும். 1924-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதலில் வரைந்து காட்டினார். எப்போதும் இருக்கிற சின்ன ஏற்ற இறக்கம் எது, புதிதாக ஏதோ கெட்டுப்போனதன் அடையாளம் எது என்று பிரித்துக் காட்டும் படம் அது. அதே ஆண்டு ஜப்பானில் சகிச்சி டொயோடாவின் ஜி வகைத் தானியங்கித் தறி வந்தது. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போவதைவிட நிற்பது மேல் என்று ஒரு இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். 'மெஷின் நிற்கக் கூடாது' என்ற விதியைச் சுவரில் ஒட்டியிருக்கிற இடத்தில் ஆபரேட்டர் தப்பான உருப்படி வருவதைப் பார்த்தும் நிறுத்தப் பயப்படுவார். நான் அப்படிப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்டவணை, இட அமைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டில்நெக்குக்கு மட்டும் கவனமாக அட்டவணை போட்டு, அது கேட்கும் வேகத்துக்கு மட்டும் ஆர்டரை உள்ளே இறக்கினால், மற்ற இடங்களுக்கு வந்த வரிசையே போதும். அடுத்தடுத்து வரும் இரண்டு மெஷின்கள் பக்கத்தில் இருந்தால் பெட்டி நிரம்பும்வரை காத்திருக்கத் தோன்றாது. இட அமைப்பில் முக்கியமானது அதுதான்.

சரி, நாளைக் காலை என்ன செய்வது? மேலாளரிடம் கொள்கையாக எதையும் பேசாதீர்கள். சென்ற மாதம் தேதி தவறிய ஆர்டர்களில் ஒன்றைப் போல ஒன்று இப்போது உள்ளே வரும். அதன் கார்டைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் எத்தனை பெட்டி என்று காலையும் மாலையும் எண்ணுங்கள். இரண்டு வாரம் போதும். எந்த இடத்தில் பெட்டி குறையவே இல்லையோ அதுதான் நீங்கள் தேடும் இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மெஷினின் ஆபரேட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். எதனால் நிற்கிறது, எதைத் தேடி அலைகிறார் என்று அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் மேலாளருக்கும் தெரியாது. பிறகு ஒரு சின்ன அனுமதி கேளுங்கள்: ஒரே ஒரு மாதம், அந்த மெஷினில் ஒரு ஜாப் முடிந்தால்தான் புதிதாக ஒன்றை உள்ளே இறக்குவோம் என்று. முதல் வாரம் சில லேத்துகள் நிற்கும். மேலாளர் அதைப் பார்த்துப் பதறுவார். அந்த நேரத்தில் கையில் கார்டு இருக்க வேண்டும், இத்தனை மணி நேரத்தில் இவ்வளவுதான் வேலை நடந்தது என்று அவரிடம் காட்ட.

அந்தக் கார்டின் பின்பக்கத்து எண்களை எனக்கும் அனுப்பிவையுங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் எத்தனை நாள் என்று மட்டும் எழுதினால்கூடப் போதும், மேற்கொண்டு அதை வைத்துப் பேசலாம்.

அன்புடன்.