கேட்கும் முன்பே நீண்ட கை

வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: நான் பள்ளியில் வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. இன்று நன்றாகத்தான் இருக்கிறேன். என் பேரனின் வகுப்பில் ஆசிரியர் குரலை உயர்த்தினாலே பெற்றோர் புகாரோடு வந்துவிடுகிறார்கள். ‘அடியாத மாடு படியாது’ என்பது பொய்யாகிவிட்டதா?
– ஒரு தாத்தா

பதில்: மாட்டை விடுங்கள் ஐயா. அதே வாத்தியாரிடம் அதே அடியை வாங்கிவிட்டு, படிப்பே வேண்டாம் என்று பாதியில் நின்றவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? அவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. கரையேறியவர்கள்தான் ‘அடி வாங்கித்தான் ஆளானேன்’ என்கிறோம். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவள்தான்.

எங்கள் ஆசிரியை அடிஸ்கேலைப் படுக்கையாகப் பிடிக்க மாட்டார். நிமிர்த்திப் பிடித்து, விளிம்பு விரல் முட்டியில் படும்படி போடுவார். ஏழாம் வாய்பாட்டுக்காக நான் வாங்கியது அது. அப்புறம் நானே கணக்கு டீச்சராகிவிட்டேன். ஆனாலும் ஏழெட்டு என்று யாராவது சொன்னால், ஐம்பத்தாறு வாயில் வருவதற்குள் விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும்.

வேலைக்குச் சேர்ந்ததும் நானும் பிரம்பு வைத்திருந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. சாக்பீஸ் டப்பாவோடு கூடவே வந்தது. ஒரு நாள் வீட்டுப்பாட நோட்டுகளைப் பார்த்தபடி வரிசையாக வந்துகொண்டிருந்தேன். மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன். நான் அவனிடம் இன்னும் போகவே இல்லை. எழுந்தான், நோட்டை அக்குளில் இடுக்கினான், உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான், நீட்டினான். முகத்தில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு நீட்டுகிற முகம்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசிக் கணக்கு ஒன்றுதான் பாக்கி. அடியை வாங்கிக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்று அவனுக்குப் பழகிவிட்டது. எனக்கும்தான். ஏன் போடவில்லை என்று அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அடித்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? அன்றைக்குக் கேட்டேன். கடன் வாங்கிக் கழிக்கும்போது பக்கத்தில் பூஜ்யம் இருந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்று தெரியவில்லையாம். ஐந்து நிமிட வேலை.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரம்பை அலமாரியில் வைத்த முதல் மூன்று மாதம் என் வகுப்பு சந்தைக்கடை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் சுவரைத் தட்டினார். பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சத்தம் கூடினால் என் குரலைக் குறைப்பேன். கடைசி பெஞ்சருகே நின்று பாடம் நடத்துவேன். பேசுகிறவன் பெயரைச் சொல்லாமல் அவன் பக்கத்தில் போய் நிற்பேன். சாயங்காலம் கால் வீங்கிவிடும். பிரம்பு எவ்வளவு சுலபமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

கேள்வி: அடிக்கக் கூடாது என்பதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம்தானே?
– கல்லூரி மாணவர்

பதில்: போலந்தில் 1783-லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள் தம்பி. பிரிட்டனில்தான் தாமதம். ஸ்காட்லாந்தில் இரண்டு தாய்மார்கள், பள்ளியில் தோல்வாரால் அடிப்பதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அடி வாங்க மறுத்ததற்காக அவர்களில் ஒருவரின் மகனைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவைத்திருந்தார்கள். 1982-ல் தீர்ப்பு தாய்மார்களுக்குச் சாதகமாக வந்தது. 1986-ல் சட்டம் போட்டு, 1987 முதல் பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் அடி நின்றது. (மேலே தாத்தா குறைப்பட்டுக்கொண்ட ‘புகாரோடு வரும் பெற்றோர்’ இவர்கள்தான்!) இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், அடியோடு சேர்த்து மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் சட்டம் இன்றும் அடியை அனுமதிக்கிறது. சிங்கப்பூரில் பையன்களுக்கு மட்டும் பிரம்படி உண்டு.

கேள்வி: அடிக்குப் பதில் நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்லலாமா?
– ஒரு ஆசிரியர்

பதில்: பிள்ளைகள் ‘நான்’ என்று நூறு வரி கீழே இறங்கிவிட்டு, அப்புறம் ‘இனிமேல்’ என்று நூறு வரி இறங்குவார்கள். வாக்கியத்தை ஒருவரும் எழுதுவதில்லை. இரண்டு பேனாவை ரப்பர் பேண்டால் கட்டி எழுதிய ஒருத்தியைப் பிடித்திருக்கிறேன். அவள் மூளையை மெச்சத்தான் தோன்றியது.

கேள்வி: என் மகளின் பள்ளியில் யாரும் அடிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு டெஸ்ட் மார்க்கையும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு போடுகிறார்கள். டெஸ்ட் என்றாலே அழுகிறாள்.
– ஒரு அம்மா

பதில்: முட்டி போட்ட அவமானம் மணி அடித்ததும் முடிந்துவிடும். பார்த்தது நாற்பது பேர். இது ஊரிலுள்ள போனிலெல்லாம் கிடக்கும். அடிஸ்கேலின் பேத்தி என்றுதான் இதைச் சொல்வேன். குழுவிலேயே சண்டை போடாதீர்கள். அங்கே போட்டால் ஆசிரியைக்கும் அதே அவமானம்தான். தனியாகப் போய்ப் பாருங்கள். கடைசி டெஸ்ட் தாளைக் கையில் எடுத்துப் போங்கள். எங்கே தடுமாறுகிறாள் என்பதை முதலில் பேசுங்கள், அப்புறம் ‘மார்க்கை எனக்கு மட்டும் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். அந்த ஆசிரியைக்கே மேலிடத்து உத்தரவாக இருக்கலாம். அப்படியென்றால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். மகளை அழைத்துப் போக வேண்டாம். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.