பழைய வண்டி, பிடிக்காத பிரேக்: கேள்வி பதில்

"பிரேக் சரியா பிடிக்கல"ன்னு மட்டும் சொன்னா யாராலயும் பதில் சொல்ல முடியாது. மிதிக்கும்போது பெடல் என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. கல்லு மாதிரி நிக்குதா, மெத்து மெத்துன்னு போகுதா, மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கா? கோளாறு எந்தப் பக்கம்னு முக்கால்வாசி உங்க காலுக்கே தெரிஞ்சிடும். சாமான் வாங்குறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

கேள்வி: சார், பழைய டாடா சுமோ, டீசல். பெடல் ரொம்ப இறுக்கமா இருக்கு, ஏறி நின்னு மிதிக்கிற மாதிரி மிதிச்சாத்தான் நிக்குது. பட்டறையில பூஸ்டர் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க.

பதில்: பூஸ்டர்னா நீங்க மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பாகம். அதை மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. இன்ஜினை நிறுத்திட்டு பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, இறுகிடும். காலை எடுக்காம அழுத்திக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் தானா கொஞ்சம் கீழ போகணும். போச்சுன்னா பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்ப சக்கரத்தோட சுத்துற டிரம்மைக் கழட்டி, அதை உள்ளேயிருந்து அழுத்துற ஷூவோட உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடுச்சான்னு பாருங்க.

பெடல் அசையலைன்னாலும் உடனே பூஸ்டரைக் குத்தம் சொல்லாதீங்க. பூஸ்டர் வேலை செய்ய வேக்குவம், அதாவது காத்தை உறிஞ்சி இழுக்கிற விசை, வேணும். பெட்ரோல் வண்டிக்கு இன்ஜின் உறிஞ்சுறதுலயே அது கிடைச்சிடும். டீசலுக்கு தனி பம்ப் வேணும், இந்த மாதிரி வண்டிகள்ல அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோட பின்பக்கம் இருக்கும். பூஸ்டருக்குப் போற ஹோஸைக் கழட்டி, இன்ஜின் ஓடும்போது அதோட வாயில விரலை வைக்கச் சொல்லுங்க. விரலை நல்லா இழுத்துப் பிடிக்கணும். இழுக்கலைன்னா பம்ப், ஹோஸ் வெடிப்பு, ஹோஸ்ல இருக்கிற ஒன்வே வால்வு, இந்த மூணையும் பாருங்க. ஹோஸ் வெடிப்புன்னா சின்ன செலவோட போயிடும்.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து. அப்பான்ர மொரிஸ் மைனர். ரெண்டு மூண்டு தரம் மிதிச்சாத்தான் பிரேக் பிடிக்குது. காத்து எடுத்துப் பாத்தாச்சு, அப்பிடியேதான் கிடக்கு.

பதில்: தம்பி, ரெண்டு மூணு தடவை மிதிச்ச பிறகு பெடல் கெட்டியா நிக்குதா, இல்ல அப்பவும் மெத்துன்னு இருக்கா? மெத்துன்னு இருந்தா பிரேக் ஆயில் குழாய்க்குள்ள காத்து இன்னும் இருக்கு. கெட்டியா நின்னா ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடிப்போச்சு. முதல் மிதி அந்த இடைவெளியை அடைக்கவே போயிடுது. நீங்க சொல்றதைப் பார்த்தா இது ரெண்டாவதுதான்.

மொரிஸ் மைனர்ல பல பேர் தவறவிடுற ஒரு இடம் இருக்கு. முன் சக்கரம் ஒவ்வொண்ணுலயும் ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் ரெண்டு, இடைவெளியைச் சரிபண்ற அட்ஜஸ்டர் ரெண்டு. பின் சக்கரத்துக்கு ஒண்ணுதான். சக்கரத்தைக் கழட்டினா டிரம்ல ஒரு ஓட்டை தெரியும். டிரம்மைச் சுத்தி அந்த ஓட்டையை அட்ஜஸ்டருக்கு நேரா கொண்டுவந்து ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருப்புங்க. டிரம் இறுகி நிக்கிற வரைக்கும் போயிட்டு, சுதந்திரமா சுத்துற அளவுக்கு ஒரு பல் தளர்த்துங்க. பிறகு டிரம்மைத் திருப்பி அடுத்ததையும் அதே மாதிரி செய்யணும். ஒண்ணை மட்டும் செஞ்சுட்டு விட்டா பாதி பிரேக்தான் கிடைக்கும்.

பெடல் மிதியை ஆயில் அழுத்தமா மாத்துற மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில, தரைக்குக் கீழ இருக்கு. விரிப்பைத் தூக்கினா மூடி தெரியும். கண்ணுல படாத இடம்கிறதால ஆயில் அளவை யாரும் பார்க்கிறதில்ல. மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ணைத் துடைச்சிடுங்க. ஒரு மணல் துகள் உள்ள போனாலும் ஆயிலை அடைச்சுத் தள்ளுற ரப்பர் கப்பைக் கீறிடும்.

கேள்வி: அண்ணா, அப்பா ஓட்டின ஸ்ப்ளெண்டர், இப்ப நான் காலேஜுக்கு எடுத்துட்டுப் போறேன். ரெண்டு பக்கமும் டிரம். புது ஷூ போட்டும் பிடிப்பு இல்ல.

பதில்: பிரேக் ராடு வந்து சேர்ற லிவரைப் பாரும்மா. பிரேக் பிடிக்கும்போது ராடும் லிவரும் ஏறக்குறைய செங்கோணத்துல இருந்தாத்தான் முழு பலம் கிடைக்கும். ஷூ தேஞ்சப்ப, மாத்தாம சமாளிக்க லிவரைக் கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுற பழக்கம் பல இடத்துல உண்டு. பிறகு புது ஷூ போட்டாலும் லிவர் தப்பான கோணத்துலயே நிக்கும். ஷூவை விரிக்கிற கேம் தண்டுலயும் லிவர்லயும் புள்ளி மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், ரெண்டும் நேரா இருக்கணும்.

அடுத்தது டிரம். உள் விட்டம் அதிகபட்சம் எவ்வளவு போகலாம்னு டிரம்லயே பொறிச்சிருக்கும். அதைத் தாண்டித் தேஞ்சிருந்தா புது ஷூ ஓரத்துல மட்டும்தான் தொடும். கேம் தண்டு கிரீஸ் இல்லாம இறுகியிருந்தாலும் இதே கதைதான். கிரீஸைக் கொஞ்சமா தடவணும், வழிஞ்சு லைனிங்ல பட்டா அந்த ஷூ வீணாப் போச்சு. இதெல்லாம் சரியா இருந்தா, ஷூ டிரம்மோட பொருந்த கொஞ்ச தூரம் ஓடட்டும். அதுவரைக்கும் வேகம் வேண்டாம்.

கேள்வி: மாருதி 800. கொல்லிமலை இறங்கும்போது பாதியில பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் நிறுத்தினேன். மறுநாள் காலையில பார்த்தா பிரேக் நல்லாவே இருக்கு!

பதில்: நல்லா இருக்குன்னு நம்பி மறுபடி மலை ஏறிடாதீங்க. உங்க பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு. இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 3ங்கிற ரக ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம தாங்கணும்கிறது கணக்கு. ஈரம் ஏறினதுக்கு அதுவே 140 டிகிரிதான். 70 கொண்டை ஊசி வளைவுலயும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினா அந்தச் சூடு வந்திடும். கொதிச்சதும் குழாய்க்குள்ள ஆவி. ஆவி அமுங்கும், அதனால உங்க மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ராத்திரி ஆறினதும் ஆவி திரும்ப ஆயில் ஆயிடுச்சு, அவ்வளவுதான்.

நாலு சக்கரத்துலயும் பழைய ஆயிலை முழுசா வெளியேத்தி, சீல் உடைக்காத டப்பாவுல இருந்து புதுசு ஊத்துங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யணும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க. மலைப்பாதை டிரைவருங்க சொல்ற இந்த விதி உயிரைக் காப்பாத்துற விதி. சூடான டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, கோணிடும்.

கேள்வி: சிக்னல்ல பெடலை மிதிச்சுக்கிட்டு நிக்கும்போது மெல்ல மெல்ல கீழ இறங்குது. ஆயில் அளவு குறையல.

பதில்: வெளிய கசிவு இல்லாம இறங்கினா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் கப் தேஞ்சு, ஆயில் அதைத் தாண்டி உள்ளேயே பின்னாடி போகுது. வண்டியை நிறுத்தி வைங்க. உள்சுவர்ல கீறல், துரு இருந்தா புது ரப்பர் கிட் போட்டும் நிக்காது, சிலிண்டரையே மாத்தணும்.

கேள்வி: பிரேக் பிடிச்சா கார் இடது பக்கம் இழுக்குது.

பதில்: பெரும்பாலும் கோளாறு வலது பக்கத்துல. அங்க டிஸ்க்கை இறுக்குற காலிப்பரோட பிஸ்டன் துருப்பிடிச்சு நின்னிருக்கலாம், இல்ல வீல் சிலிண்டர் கசிஞ்சு ஷூ நனைஞ்சிருக்கலாம். நனைஞ்ச ஷூவை பெட்ரோல்ல கழுவிக் காயவெச்சுத் திரும்பப் போடாதீங்க, சூடானதும் ஊறின ஆயில் வெளிய வந்திடும். ஷூவை ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்தணும். அதுக்கு முன்னாடி டயர் காத்தைப் பாருங்க, இழுக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சின்ன பட்டறை வெச்சிருக்கார். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காத்து அடிச்சுத்தான் தூசியை ஊதுவார். வேற வழி உண்டா?

பதில்: இருக்கும்மா, இன்னைக்கே மாத்தச் சொல்லுங்க. பழைய பிரேக் லைனிங் பலதுலயும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரல்ல தங்கினா பல வருஷம் கழிச்சுப் புற்றுநோய் கூட வரலாம். டிரம்மைத் திறந்ததும் சோப்புத் தண்ணியை மெதுவா தெளிச்சு நனைச்சிட்டு, ஈரத்துணியால துடைச்சு எடுக்கட்டும். துணியை உதறக் கூடாது, கவர்ல கட்டிப் போடணும். வேலை உடுப்பை வீட்டுத் துணியோட சேர்த்துத் துவைக்காதீங்க, குழந்தைங்க இருந்தா இன்னும் கவனம்.