கரகண்டாவில் மருத்துவம் படிக்கப்போகிற மகளுக்கு ரஷ்யனா, கசாக்கா?

கேள்வி: மகளுக்குக் கஜகஸ்தானின் கரகண்டாவில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் வார்டில் நோயாளிகளிடம் உள்ளூர் மொழியில் பேச வேண்டுமாம். "ரஷ்யன் படித்தால் போதும், கசாக்குக்கும் அதே எழுத்துதான், தானாக வந்துவிடும்" என்கிறார் ஏஜென்ட். கிளம்ப நான்கு மாதம் இருக்கிறது. எதைத் தொடங்கலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தானாகவெல்லாம் வராது. எழுத்து ஒன்றாக இருந்தால் மொழியும் வந்துவிடும் என்றால், மலாய் படித்தவருக்கு ஆங்கிலமும் வந்திருக்க வேண்டுமே! ரஷ்யன் ஸ்லாவியக் குடும்பம், உக்ரைனிய மொழிக்கு உறவு. கசாக் துருக்கியக் குடும்பம், கிர்கிஸ் மொழிக்கு உடன்பிறப்பு. 1929 வரை கசாக்கை அரபு எழுத்தில் எழுதினார்கள், பிறகு லத்தீனில். சோவியத் ஆட்சியில் 1940-ல் ரஷ்யனின் எழுத்தான சிரிலிக் வந்தது. மறுபடி லத்தீனுக்கு மாறுவது என்று 2017-ல் ஆணை போட்டார்கள். மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. ரஷ்யனில் 33 எழுத்து, கசாக்கில் 42. கூடுதலான ஒன்பதில் ஒன்று நம் 'ங்'.

ஆனால் ரஷ்யனை முதலில் படிக்கச் சொன்னாரே, அது உங்கள் ஊருக்குச் சரி. கரகண்டா நிலக்கரி நகரம். ஸ்டாலின் காலத்தில் கைதிகளையும் நாடு கடத்தப்பட்ட ஜெர்மானியர் போன்ற பலரையும் அந்தப் பக்கம் கொண்டுவந்து குவித்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக நின்ற மொழி ரஷ்யன். கஜகஸ்தான் முழுவதிலுமே 1959 கணக்கெடுப்பில் கசாக்கியர் சுமார் 30 விழுக்காடுதான். 2021-ல் அது சுமார் 70. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று புரியும். இருந்தாலும் கரகண்டாவின் பஸ், கடை, வங்கி எல்லாவற்றிலும் ரஷ்யன் இன்றும் ஓடும். இதே இடம் கசாக் பேச்சு மிகுந்த தென் நகரங்களான ஷிம்கெண்டிலோ கிசிலோர்டாவிலோ கிடைத்திருந்தால் கசாக்கை முதலில் வைக்கச் சொல்லியிருப்பேன்.

இனி, ஏஜென்ட் சொல்லாத விஷயம். தமிழ் பேசுகிறவருக்கு இரண்டில் எளிதாகப் பிடிபடுவது கசாக்தான். "என் தலை வலிக்கிறது" என்பதைக் கசாக்கில் "மெனிங் பாஸிம் அவுராடி" என்பார்கள். மெனிங் என்றால் என், பாஸிம் என்றால் தலை (அதன் வாலில் இன்னொரு 'என்' ஒட்டியிருக்கிறது), அவுராடி என்றால் வலிக்கிறது. வரிசை மாறவே இல்லை. ரஷ்யனில் "உ மென்யா பலீத் கலவா": 'என்னிடம் வலிக்கிறது தலை'. "அவன் வருகிறேன் என்று சொன்னான்" கசாக்கில் "ஒல் கெலெமின் தெப் அய்த்தி". இதில் 'தெப்' நம்முடைய 'என்று' செய்கிற வேலையை அப்படியே செய்கிறது. 'ஜெப் கோர்' என்றால் சாப்பிட்டுப் பார், 'ஜசாப் பெர்' என்றால் செய்து கொடு. பார், கொடு இரண்டையும் நாம் எப்படித் துணைவினையாக ஒட்டுகிறோமோ அப்படியே. குழந்தை என்றால் 'பாலா', குழந்தைகளுக்கு என்றால் 'பாலாலார்கா' ('லார்' நம் 'கள்', 'கா' நம் 'கு'). பேச்சில் "ரெண்டு குழந்தை" என்கிறோமே, அங்கேயும் எண்ணுக்குப் பின்னால் பன்மை விகுதி கிடையாது.

இதைப் படித்துவிட்டு "கசாக் தமிழிலிருந்து பிறந்தது" என்று வாட்ஸ்அப்பில் யாரும் கிளப்பிவிட வேண்டாம். உறவு எதுவும் நிரூபணமாகவில்லை, கட்டுமானம்தான் ஒத்துப்போகிறது.

ரஷ்யனில் திணறல் வேறு வகை. பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண், அலி என்று பால் உண்டு, நாற்காலிக்குக்கூட. "நான் சொன்னேன்" என்பதை மகன் 'ஸ்கஸால்' என்பான், மகள் 'ஸ்கஸாலா' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு 'கோத்', இரண்டுக்கு 'கோதா', ஐந்துக்கு வேறு சொல்லே வந்துவிடும், 'லியெத்'. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொன்று. கசாக்கில் இந்தப் பால் தொல்லை அடியோடு இல்லை: 'ஒல்' என்பதே அவன், அவள், அது எல்லாம். ஆனால் காதை ஏமாற்றும் ஜோடிகள் உண்டு. 'ஒன்' ரஷ்யனில் 'அவன்', கசாக்கில் 'பத்து'. மாத்திரைக் கணக்கில் இது விளையாட்டில்லை.

ஆக, முதல் இரண்டு வாரம் 42 எழுத்தையும் படிக்கட்டும், 33-ஓடு நிறுத்த வேண்டாம். மருந்துக்கடைப் பலகையில் 'தாரிஹானா', 'அப்தேகா' என்று இரண்டு மொழியும் இருக்கும். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தால் தெருவே பாடப்புத்தகம். மீதி நாள் முழுக்க ரஷ்யன்: எண்கள், கடைப் பேச்சு, உடல் உறுப்புகள். இரண்டையும் ஒரே மூச்சில் தொடங்கினால் எதுவும் நிற்காது. அங்கே போய், ரஷ்யனில் கடைக்காரரிடம் தயங்காமல் பேசுகிற அளவு வந்ததும், வார்டு வேலை வருவதற்கு ஓராண்டு முன்பாவது கசாக்கைத் தொடங்கட்டும். கிராமத்திலிருந்து வரும் வயதானவர்கள் வலியைத் தாய்மொழியில்தான் சொல்வார்கள்.

கூப்பிடும் முறையும் வேறு. ரஷ்யனில் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் அவர்கள் பெயரோடு தந்தை வழிப் பெயரையும் சேர்த்து அழைக்க வேண்டும். கசாக்கில் நம்மைப் போல உறவுமுறைதான். தாத்தா வயதுக்காரர் 'அத்தா'. வயதான அம்மாவுக்குச் சொல்லும் 'அபா' நம் காதில் கிட்டத்தட்ட 'அப்பா' என்றே விழும். மகள் முதல் தடவை சிரித்துவிடாமல் இருக்க வேண்டும். அதோடு 'கய் ஜெரிங்கிஸ் அவுராடி?' என்ற ஒரு வரியையும் விமானம் ஏறுவதற்குள் மனப்பாடம் செய்துவிடட்டும். "எந்த இடம் வலிக்குது உங்களுக்கு?" என்று பொருள்.