ராட்செட் நழுவுகிறது: ஆயுள் உத்தரவாதம் செல்லுமா?

உங்கள் ராட்செட் (ஒரு திசையில் மட்டும் பிடித்து நட்டைத் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி) நழுவுகிறது, ஆயுள் உத்தரவாதம் இருந்தும் கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஆயுள் உத்தரவாதம் தருவது தயாரிப்பு நிறுவனம். பில்லையும் படத்தையும் இணைத்து, அட்டையில் உள்ள முகவரிக்கு நேரடியாக எழுதுங்கள்.

கார் சக்கர நட்டைத் திருப்பும்போது மட்டும் நழுவுகிறது என்கிறீர்கள். உள்ளே பல்சக்கரத்தைப் பிடிக்கும் சிறிய தாழ் சரியாக உட்காரவில்லை என்றே நினைக்கிறேன்.

1. உத்தரவாத அட்டையை முதலில் படியுங்கள். கருவியைப் பிரித்தால் செல்லாது என்றிருந்தால் திறக்கவே வேண்டாம்.

2. தடையில்லை என்றால் ராட்செட் தலையின் மூடியை ஒரு தட்டுக்குள் வைத்துத் திறங்கள். கடுகளவு ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும். பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். பல் நுனி உடைந்திருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கைப்பிடியில் இரும்புக் குழாய் செருகித் திருப்பியிருந்தால் உத்தரவாதத்தை அதிகம் நம்ப வேண்டாம். ‘ஆயுள்’ என்று எழுதியிருந்தாலும் பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டுக்குத்தான் பொறுப்பேற்பார்கள். தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் சேராது. டார்க் ரெஞ்சுக்கு (குறித்த அளவு முறுக்கு விசையில் இறுக்கும் கருவி) பல நிறுவனங்கள் குறுகிய காலமே தருகின்றன.

மாற்றிக் கொடுத்தாலும் இறுகிய சக்கர நட்டுக்கு ராட்செட் வேண்டாம், தயவுசெய்து. அது நழுவினால் விரல் முட்டிதான் தரையில் மோதும். பல்சக்கரமே இல்லாத, அரை அங்குலச் சதுர முனையுள்ள நீளமான கைப்பிடியும், உங்கள் நட்டின் அளவுக்கு ஓர் அறுமுக சாக்கெட்டும் (நட்டின் மேல் மாட்டும் குழல்) தனித்தனியாக வாங்குங்கள். நூறு துண்டுகள் கொண்ட கருவிப் பெட்டியைவிட அதுவே நல்ல செலவு. பன்னிருமுக சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.