ஜனவரியில் செயின்ட் ஜான்ஸ் வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து ஜனவரியில் வருகிறீர்கள். சொந்த ஊர் வேதாரண்யம். "கஜாவையே பார்த்துவிட்டோம், ஸ்னோ புயல் அதைவிடப் பெரிதா? எதற்குத் தயாராக வர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாகூர்க்காரி. செயின்ட் ஜான்ஸ் இருக்கும் இந்த நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு, கனடாவின் கிழக்குக் கோடிக்கு, வந்து பதினான்கு வருடம் ஆகிறது. 2018 நவம்பரில் கஜா அடித்த இரவு முழுக்க இங்கிருந்து அம்மாவுக்குப் போன் போட்டு, லைன் கிடைக்காமல் அழுதவள். அதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் தைரியம் எனக்குப் புரிகிறது.

காற்றைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பது சரிதான். வீடு அதிரும், ஊளைச் சத்தம் கேட்கும். அது நமக்குப் பழகியதுதான். பழகாதது என்னவென்றால், நம் ஊரில் புயல் கரையைக் கடந்தால் மழை வெறிக்கும், தண்ணீர் வடியும், மறுநாள் காலையில் ஆட்கள் தெருவில் இறங்கி மரத்தை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். இங்கே புயல் போய்விடும், அது கொட்டியது போகாது. வெயில் அடித்தாலும் வாசலிலேயே கிடக்கும். ஒவ்வொரு ஷவலாக மனிதர்கள்தான் அள்ளிப் போட வேண்டும்.

2020 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. நமக்குக் காணும் பொங்கல். அன்று ஒரே நாளில் செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்தில் 76.2 சென்டிமீட்டர் ஸ்னோ பதிவானது. அதற்கு முன் ஒரு நாளில் விழுந்த அதிகபட்சம் 1999 ஏப்ரல் 5 அன்று பெய்த 68.4. காற்று மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டியது. முக்கால் மீட்டர்தானே என்று தோன்றும். காற்று அதைப் பரவலாக விழ விடாது தம்பி. ஒரு பக்கம் தரை தெரியும், இன்னொரு பக்கம் கூரை விளிம்புவரை குவிந்திருக்கும். துறைமுகத்தின் வாயில், குன்றுச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டரி என்ற பகுதியில் ஸ்னோ சரிந்து ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது.

இந்தக் கரையில் ஏன் இப்படி என்றால், வடக்கிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவருகிறது, தெற்கில் வளைகுடா நீரோட்டம் வெந்நீர் மாதிரி ஓடுகிறது. அமெரிக்கக் கரையோரமாக ஏறி வரும் தாழ்வு மண்டலம் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து சட்டென்று வலுக்கிறது. 24 மணி நேரத்தில் அழுத்தம் 24 மில்லிபார் குறைந்தால் அதை 'பாம்ப்' என்பார்கள். அன்று வந்தது அந்த வகை. கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே விழும் ஸ்னோ பெரும்பாலும் ஈரம் சேர்ந்தது. ஈர மணல் மாதிரி கனக்கும். இளைஞர் என்று வேகமாக அள்ளாதீர்கள், இடுப்பு போய்விடும். வயதானவர்களுக்கு நெஞ்சுவலியே வரும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே நகரம் அவசரநிலை அறிவித்துவிட்டது. கடை, அலுவலகம், பேருந்து எல்லாம் நின்றது. ரோட்டில் வண்டி எடுக்கக் கூடாது. அந்த அவசரநிலை எட்டு நாள் நீடித்தது. ராணுவம் வந்து முதியவர்களின் வாசலைத் தோண்டிக் கொடுத்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் மளிகைக் கடைகளைச் சில மணி நேரம் திறக்க விட்டார்கள். வரிசை தெருவைச் சுற்றி நின்றது.

அப்போது நாங்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், அதாவது நிலத்தடித் தளத்தில், வாடகைக்கு இருந்தோம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள், மாணவர்களுக்குக் கட்டுப்படியாவது அதுதான். கணவர் வேலைக்குப் போன இடத்திலேயே மூன்று நாள் மாட்டிக்கொண்டார். நானும் நான்கு வயது மகளும் மட்டும். மாடியில் இருந்த வீட்டு உரிமையாளர் ஊரில் இல்லை. சனிக்கிழமை காலையில் விழித்தபோது இன்னும் விடியவில்லை என்று நினைத்தேன். மணி பார்த்தால் ஒன்பது. ஜன்னல் முழுக்க ஸ்னோ அடைத்திருந்தது. கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தேன். எதிரில் வெள்ளைச் சுவர், அதில் எங்கள் கதவின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. ஷவல் வெளியே, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

அந்த நிமிடம் எனக்கு வந்த பயம் சுனாமிக்குப் பிறகு வந்ததில்லை. மகளிடம் காட்டிக்கொள்ளாமல் அடுப்பில் பாலை வைத்தேன். கை நடுங்கியது.

பதினொரு மணி வாக்கில் ஜன்னல் பக்கம் சுரண்டும் சத்தம். பக்கத்து வீட்டுத் தாத்தா, ஓய்வுபெற்ற மீனவர், எழுபது வயது இருக்கும். ஜன்னலைத் தோண்டி முகத்தைக் காட்டி, "நீயும் குழந்தையும் நலமா கண்ணே?" என்று கேட்டார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். கதவுக்குப் போவதற்கு முன் அவர் இன்னொன்று செய்தார். வீட்டின் பக்கச் சுவரில் மாடி ஹீட்டரின் புகைக்குழாய் இருந்தது, அதைத் தேடித் தோண்டி எடுத்தார். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். அப்படி ஒரு குழாய் இருப்பதே எனக்குத் தெரியாது. உரிமையாளர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்களைத் தேடி வர வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது? அக்டோபரில் ஒருநாள் மீன் குழம்பு வைத்து அவருக்கும் கொஞ்சம் கொடுத்திருந்தேன். அன்றுதான் பேஸ்மென்டில் ஒரு குழந்தையும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. நாங்கள் தமிழர்கள் என்றதும் அவர் பேசியது 1986-ஐப் பற்றி. அந்த ஆகஸ்டில் 155 ஈழத் தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில், மூடுபனிக்குள், இந்தத் தீவின் தெற்குக் கரைக்கு அப்பால் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவரின் படகுதான் அவர்களை முதலில் கண்டது. உள்ளூர்க்காரர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கடலில் யார் கிடந்தாலும் தூக்க வேண்டும் என்பது இவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் நீங்கள் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தம்பி. அதனால் வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேரைச் சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள் கூச்சத்தில் ஒரு வருடம் கழித்தும் பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாமல் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மற்றபடி ஷவலை எப்போதும் வீட்டுக்குள் வையுங்கள். வீடு பார்க்கும்போதே புகைக்குழாய் எங்கே, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, ஜன்னல் வழியாக ஆள் வெளியேற முடியுமா என்று கேளுங்கள். இங்கே நிறைய வீடுகளில் ஹீட்டர் கரண்டில்தான் ஓடுகிறது, கரண்ட் போனால் சூடும் போய்விடும். கம்பளியும் டார்ச்சும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அரிசி பருப்பு பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த வாரம் பொங்கல் சாமான்தான் எங்களைக் காப்பாற்றியது. எனக்குத் தீர்ந்துபோனது தைராய்டு மாத்திரை. மருந்துக் கடையும் மூடியிருக்கும், ஆகவே இரண்டு வார மருந்து கையிருப்பில் வையுங்கள். இந்தத் தீவுக்குச் சாமான் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். அதில் நிறைய, தீவின் மறுகோடியில் இருக்கும் போர்ட் ஆ பாஸ்க் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 900 கிலோமீட்டர் லாரியில் வருகிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலையே கடையில் ரொட்டியும் பாலும் காலியாகிவிடும். முந்தின நாளே போங்கள்.

பனிச்சூறாவளி எச்சரிக்கை என்றால் கண்ணெதிரே 400 மீட்டர்கூடத் தெரியாது என்று அர்த்தம். நண்பன் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே என்று கிளம்பாதீர்கள். அந்தப் புயலில் அப்படி நடந்து போன ஒரு பையன் திரும்பி வரவில்லை. உங்கள் வயதுதான்.

ஒவ்வொரு வருடமும் இவ்வளவு வராது. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று மீட்டர் அளவுக்கு ஸ்னோ விழும் ஊர் இது, மூன்று நாலு நாள் வகுப்பு ரத்தாவது சாதாரணம். வந்து இறங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தாத்தா கொடுத்த ஷவல் ஒன்று எங்களிடம் கூடுதலாக இருக்கிறது, வாடகை வீட்டுக்குப் போகும் முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.