பார்ட் 1 தேடி அலையாதீங்க தம்பி

தம்பி, மார்த்தாண்டத்துல கூட்டுக்காரங்ககூட ‘ஜாம்பி 2’ (செத்த பொணங்க எந்திச்சு நடக்குற பழைய இத்தாலிப் படம்) பாத்தேன், எல்லாவனும் சிரிச்சானுவ, எனக்கு மட்டும் ரெண்டு நாளா உறக்கம் வரல, பார்ட் 1-ம் கிட்டலன்னு கேட்டிருந்தீங்கல்லா. மொதல்ல அந்தத் தேடுறத விடுங்க. அமெரிக்க டைரக்டர் ரொமேரோவோட 1978 படம் ‘டான் ஆஃப் தி டெட்’ட இத்தாலியில ‘ஜாம்பி’ன்னு விட்டாங்க, அது ஓடுன ஓட்டத்தப் பாத்து அடுத்த வருஷமே இத்தாலி டைரக்டர் ஃபுல்சி எடுத்த இந்தப் படத்துக்கு 2ன்னு நம்பர் போட்டு வித்துட்டாங்க, கதைக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சிரிச்சது நியாயம்தான், பாதி ஜாம்பிக்கு மொகத்துல ஒட்டுப்பால அப்புன மாதிரி மேக்கப். ஆனா ஜாம்பி ஒண்ணு சுறாகூட மல்லுக்கட்டுற சீனுல, கொளச்சல்ல வள்ளத்துல போற எங்க மச்சான் ‘லேய் இது நெசச் சுறாலே’ன்னு எந்திச்சு நின்னுட்டான் (நெசந்தான், ஜாம்பிதான் வேஷம்).

உங்க உறக்கத்தக் கெடுத்தது அந்தக் கண்ணு சீனாத்தான் இருக்கும், ஒடஞ்ச கதவுச் சிராய் பொம்பள கண்ணுகிட்ட பைய பைய வருமே, அதுக்கு நானும் தலகாணிய மூஞ்சில வச்சவன்தான். அது பேய்ப்பயம் இல்ல, ஒடம்பு கூசுறது. பகல்ல சத்தத்த அணைச்சுட்டு அத மட்டும் ஒருக்கா பாருங்க, பொம்மத் தலைன்னு தெரிஞ்சிரும், எனக்கு அப்டித்தான் போச்சு. கூட்டுக்காரனுவ கிண்டலடிச்சா அந்த நேரம் எவன் கண்ணத் தொறந்து வச்சிருந்தான்னு கேளுங்க.